பி/யமகாட்டா: தோற்றம் 1988, மறைவு 2020

இன்ஃப்ளூயன்சா 'பி' வைரஸின் இரு கிளைகளில் ஒன்றான யமகாட்டா, 2020 மார்ச் மாதத்தில் மறைந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் மனிதரை இருமவைத்தும் காய்ச்சலில் படுக்கவைத்தும் வாழ்ந்த வைரஸ் அது. முதியவர்களிலும் ஏற்கெனவே உடல் நலிந்தவர்களிலும் பலரை அது கொண்டுபோனதும் உண்டு. அதற்குக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்ட உற்றார் யாரும் இல்லை. அழவும் ஆளில்லை, அழ வேண்டியதும் இல்லை. ஆனாலும் ஒரு குறிப்பு எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. வைரஸ்களைப் படிப்பதே பிழைப்பாகிப்போன எனக்கு, அண்மை ஆண்டுகளின் அறிவியல் செய்திகளில் மிகுந்த வியப்பைத் தந்தது இந்தச் சாவுதான். மிகக் குறைவாகப் பேசப்பட்டதும் இதுதான்.

பெரியம்மை இயற்கையாகத் தொற்றிய கடைசி மனிதர் யார் என்பது ஊரறிந்த செய்தி. சோமாலியாவின் மெர்கா நகரில் மருத்துவமனைச் சமையல்காரராக இருந்த அலி மாவ் மாலின், 1977 அக்டோபர். இரண்டாம் வகைக் காட்டு போலியோ வைரஸ் கடைசியாகத் தென்பட்டது உத்தரப் பிரதேசத்தின் அலிகரில், 1999-ல். யமகாட்டாவுக்கு அப்படிப்பட்ட குறிப்பு எதுவும் கிடையாது. அதன் கடைசி நோயாளி யார், எந்த ஊர்க்காரர் என்பது நமக்குத் தெரியாது, அவருக்கே தெரியாது. உலகம் முழுவதும் வேறொரு வைரஸைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் யாரோ ஒருவர் காய்ச்சலும் தொண்டைவலியுமாக வீட்டில் படுத்திருப்பார். அடுத்தவருக்கு ஒட்டவைக்காமலே எழுந்து நடமாடத் தொடங்கியிருப்பார். ஒரு வம்சம் அவரோடு முடிந்துபோனது.

குடும்ப வரலாற்றிலிருந்து தொடங்கலாம். இன்ஃப்ளூயன்சா வைரஸ் மனிதரிடமிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது 1933-ல், லண்டனில். அது 'ஏ' வகை. 1940-ல் அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் ஃபிரான்சிஸ், ஏ வகைக்கான எதிர்ப்பொருள்களுக்குக் கொஞ்சமும் மசியாத இன்னொரு வைரஸைக் கண்டறிந்தார். அதுவே 'பி'. இரண்டுக்கும் எட்டு ஆர்.என்.ஏ. துண்டுகள்தான் மொத்தச் சொத்து. ஆனால் குணம் வேறு. ஏ வகை, காட்டு வாத்து, கோழி, பன்றி, குதிரை என்று பல உடல்களில் குடியிருக்கும். அங்கே புதுவேடம் பூண்டு மனிதரிடம் திரும்பிவந்து பெருந்தொற்றாகும். பி வகைக்கு மனிதனை விட்டால் போக்கிடம் இல்லை. 1999-ல் நெதர்லாந்துக் கரையில் நோயுற்ற ஒரு கடல்நாயின் உடலில் பி வைரஸ் இருந்ததைக் கண்டார்கள். அதுவும் நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் மனிதரிடையே சுற்றிய வைரஸைப் போலவே இருந்தது. நாம்தான் அதற்கும் கொடுத்திருப்போம் என்று கருத இடமுண்டு.

1980-களில் பி வைரஸ் இரண்டு கிளைகளாகப் பிரிந்திருப்பது தெரியவந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1987-ல் கிடைத்த மாதிரி ஒரு கிளைக்குப் பெயர் தந்தது. ஜப்பானின் வடபகுதியில் உள்ள யமகாட்டா மாகாணத்தில் 1988-ல் கிடைத்த மாதிரி மற்றொன்றுக்குப் பெயர் தந்தது. முழுப்பெயர் பி/யமகாட்டா/16/88. ஆனால் 1988 என்பது, பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுக்கொடுத்த பிறந்த தேதியைப் போன்றதுதான். 1990-ல் 'வைராலஜி' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, இரு கிளைகளும் 1983 முதலே உடன் சுற்றிவந்திருப்பதைக் காட்டியது. பிரிவினை அதற்கும் முன்பே நடந்திருக்க வேண்டும்.

இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றாலும் ஒன்றுக்கு எதிராக உடல் பெற்ற பாதுகாப்பு மற்றதன்மேல் அவ்வளவாகச் செல்லுபடியாகவில்லை. 1990-களில் உலகம் பெரும்பாலும் யமகாட்டாவின் கையில் இருந்தது. விக்டோரியா கிழக்காசியாவின் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. 2001-02 வாக்கில் விக்டோரியா மீண்டும் உலகெங்கும் பரவியது. அதன்பின் இருவரும் மாறிமாறி ஆண்டார்கள். ஓர் ஆண்டு இவர் கை ஓங்கும், மறு ஆண்டு அவர் கை. சில ஆண்டுகளில் இருவரும் சேர்ந்தே வருவார்கள்.

இந்த இரட்டையாட்சிதான் தடுப்பூசி செய்வோருக்குத் தலைவலியாயிற்று. அன்றைய ஃப்ளூ தடுப்பூசி மூவகை. இரண்டு ஏ, ஒரு பி. எந்த பி-யைச் சேர்ப்பது என்று ஒவ்வோர் ஆண்டும் முன்கூட்டியே கணிக்க வேண்டும். வடகோளத்துக்கான தடுப்பூசியைப் பிப்ரவரியில் முடிவு செய்தால்தான் அந்த ஆண்டின் இறுதிக்குள் ஊசி கைக்கு வரும். அமெரிக்காவில் 2001-02 முதல் 2010-11 வரையிலான பத்துப் பருவங்களில் ஐந்தில்தான் கணிப்பு சரியாக விழுந்தது. பூவா தலையா போட்டுப் பார்த்திருந்தாலும் அதே பலன்தான் கிடைத்திருக்கும். சலித்துப்போய், இரண்டு பி-யையும் சேர்த்துவிடுவது என்று முடிவெடுத்தார்கள். 2012-ல் அமெரிக்கா முதல் நால்வகைத் தடுப்பூசிக்கு ஒப்புதல் தந்தது. தாய்லாந்தின் புக்கெட் தீவில் 2013-ல் எடுத்த யமகாட்டா வைரஸ், பின்னர் பல ஆண்டுகள் உலகத் தடுப்பூசிகளில் இடம்பிடித்திருந்தது. உயிருள்ள உறவினர் எல்லாம் போன பிறகும் அது மட்டும் கோழிமுட்டைகளில் வளர்க்கப்பட்டுக்கொண்டிருந்த வேடிக்கையைப் பின்னால் சொல்கிறேன்.

யமகாட்டா நிதானமான சுபாவம் கொண்டது. 2015-ல் 'ஈலைஃப்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, விக்டோரியா சிறு பிள்ளைகளை அதிகம் பிடிக்கிறது, தன் மேற்பரப்புப் புரதத்தை வேகமாக மாற்றிக்கொள்கிறது என்று காட்டியது. யமகாட்டாவின் நோயாளிகள் சராசரியில் வயது கூடியவர்கள். மாற்றமும் மெதுவானது, பரவும் வேகமும் குறைவு. பல் பிடுங்கப்பட்ட பாம்பு என்று எண்ணிவிட வேண்டாம். 2017-18 குளிர்காலத்தில் ஐரோப்பாவையே அது புரட்டிப்போட்டது. அந்தப் பருவத்தில் அங்கே பிடிபட்ட ஃப்ளூவில் பெரும்பங்கு பி. அந்த பி-யில் ஏறத்தாழ எல்லாமே யமகாட்டா. அந்த ஆண்டின் மூவகைத் தடுப்பூசியிலோ விக்டோரியாதான் இருந்தது. யமகாட்டாவின் வாழ்க்கையில் அதுவே கடைசி வெற்றி.

வெற்றியே வீழ்ச்சிக்கும் வழிவகுத்தது என்று சொல்லலாம். அத்தனை பேரைத் தொற்றிய பிறகு அத்தனை பேருடைய உடலிலும் எதிர்ப்பாற்றல் குடியேறிவிட்டது. மெதுவாக மாறும் வைரஸுக்கு அந்த மதிலைத் தாண்டுவது கடினம். அதற்கடுத்த பருவங்களில் அது ஒடுங்கிப்போனது. 2019-20-ல் பி என்றாலே பெரும்பாலும் விக்டோரியாதான். யமகாட்டாவுக்குள் இருந்த உட்பிரிவுகளும் குறைந்து, ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருந்தது. இப்படி மெலிந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த வேளையில்தான் கோவிட் வந்தது.

2020 மார்ச் 25 முதல் இந்தியாவில் ஊரடங்கு. அதற்கு முன்னும் பின்னுமாக உலகின் பெரும்பகுதி கதவைச் சாத்திக்கொண்டது. விமானங்கள் நின்றன, பள்ளிகள் மூடின, முகங்கள் மறைந்தன. கோவிட் வைரஸைத் தடுக்க எடுத்த நடவடிக்கைகள் அதைப் பாதிதான் தடுத்தன. ஃப்ளூவை ஏறக்குறைய முழுவதும் முடக்கின. ஃப்ளூவின் பரவும் திறன் கோவிட்டைவிடக் குறைவு என்பதே காரணம். அமெரிக்காவில் 2019-20 பருவத்தில் ஃப்ளூவால் இறந்ததாகப் பதிவான குழந்தைகள் 200-ஐ நெருங்கினர். 2020-21-ல் பதிவானது ஒரே ஒரு குழந்தை. இந்த ஒற்றை எண்ணை முதன்முதலில் படித்தபோது அச்சுப்பிழையாக இருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

பிற ஃப்ளூ வைரஸ்கள் எங்கே பதுங்கியிருந்தன? 2024-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு மரபுவரிசைகளையும் விமானப் பயணக் கணக்குகளையும் சேர்த்துப் பார்த்து ஒரு விடை சொன்னது. பெருந்தொற்றுக் காலத்தில் ஏ வகை வைரஸ்கள் தொடர்ந்து உயிர்பிழைக்கத் தெற்காசியா முக்கிய இடமாயிற்று. விக்டோரியாவுக்கு மேற்காசியா அடைக்கலம் தந்தது. ஊரடங்கு தளர்ந்ததும் அங்கிருந்து அவை மீண்டும் கிளம்பின. மூன்றாண்டுகளில் உலகப் போக்குவரத்து பழைய நிலைக்கு வர, வைரஸ்களின் போக்குவரத்தும் பழைய நிலைக்கு வந்தது. யமகாட்டா மட்டும் வரவில்லை. அதற்கு அடைக்கலம் தர ஓர் ஊரும் இல்லை, ஒதுங்க ஒரு விலங்கும் இல்லை.

ஃப்ளூ கிளைகள் மறைவது புதிதல்ல. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் ஒன்றின் வழியாகச் சென்னைத் துறைமுகத்தில் 'ஆசிய ஃப்ளூ' எனப்பட்ட, ஏ வகையைச் சேர்ந்த எச்2என்2 இறங்கியது. சில மாதங்களில் இந்தியாவில் மட்டும் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகக் கணக்கு. அன்று குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இயங்கிய இன்ஃப்ளூயன்சா மையம் அதை ஊர் ஊராகப் பதிவு செய்தது. அந்தப் புதிய வைரஸ் உலகெங்கும் பரவியபோது, 1918 முதல் சுற்றிவந்த எச்1என்1 காணாமல் போனது. 1968-ல் எச்3என்2 வந்ததும் எச்2என்2 ஒழிந்தது. 2009-ல் பன்றிக்காய்ச்சல் வைரஸ் வந்ததும் அதுவரை பருவந்தோறும் வந்துபோன பழைய எச்1என்1 மறைந்தது (1957-ல் போனது எப்படித் திரும்பியிருந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்). ஒவ்வொரு முறையும் புதிய ஃப்ளூ ஒன்று வந்து பழையதைத் தள்ளிவிட்டு அதன் நாற்காலியில் உட்கார்ந்தது. யமகாட்டாவின் கதை வேறு. ஒரு கொரோனா வைரஸுக்குப் பயந்து மனிதர்கள் வீட்டுக்குள் இருந்ததால் அது போனது. யாரும் அதைக் குறிவைக்கவில்லை. ஒழிப்புத் திட்டமும் இல்லை, நிதி ஒதுக்கீடும் இல்லை, தலைவர்களின் உரையும் இல்லை.

சரி, செத்துவிட்டது என்று எப்படிச் சொன்னார்கள்? ஆய்விதழ்களோடு பழகியவர்களுக்கு இந்தச் சாவில் மிகவும் சுவையான பகுதி இதுதான். இருப்பதைக் காட்ட ஒரு மாதிரி போதும். இல்லாததைக் காட்ட எத்தனை மாதிரி வேண்டும்? 2021-ல் மெல்பர்ன் ஆய்வாளர்கள் 'நேச்சர் ரிவ்யூஸ் மைக்ரோபயாலஜி'யில் முதலில் கேட்டபோது, பெருந்தொற்றில் ஒரு ஃப்ளூ கிளை அழிந்துவிட்டதா என்று தலைப்பிலேயே கேள்விக்குறி போட்டார்கள். 2022-ல் நெதர்லாந்தின் ஜான் பேஜெட்டும் உடன் ஆய்வாளர்களும் 'யூரோசர்வைலன்ஸ்' இதழில் எழுதியபோதும் தலைப்பு கேள்விதான். 2024-ல் 'லான்செட் மைக்ரோப்' இதழில், வெளிவந்த ஆய்வுகளையும் உலகக் கண்காணிப்புத் தரவுகளையும் அலசிய கட்டுரை, 'அழிந்திருக்கக்கூடும்' என்ற அளவில் நின்றது. முன்பு சொன்ன 'சயின்ஸ்' கட்டுரையும் அதற்குமேல் போகவில்லை. நான்கு ஆண்டுகளாக ஒரு வைரஸ்கூடக் கண்ணில் படவில்லை. அப்போதும் 'செத்தது' என்று அடித்துச் சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை.

இந்தத் தயக்கத்தைக் கேலி செய்யலாம். நான் அதை மதிக்கிறேன். அதே காலத்தில் ஆய்வு வெளியீட்டு உலகம் என்ன செய்துகொண்டிருந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2020 ஜனவரி இறுதியில், புதிய கொரோனா வைரஸின் புரதத்தில் எச்.ஐ.வி.யின் சாயல் இருப்பதாகத் தில்லியிலிருந்து ஒரு முன்பதிப்பு வந்தது. சக ஆய்வாளர்கள் குறைகளை அடுக்கிய வேகத்தில் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்ட சதிக்கதைகள் திரும்பப் பெறப்படவில்லை. மே மாதம் 'லான்செட்' இதழில், 96,000 கோவிட் நோயாளிகளின் தரவை வைத்து ஹைட்ராக்ஸிகுளோரோக்வின் ஆபத்தானது என்ற கட்டுரை வந்தது. அதை நம்பி மருந்துச் சோதனைகளையே நிறுத்திவைத்தார்கள். தரவு எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது அதைத் தந்த நிறுவனம் காட்டவில்லை. ஜூன் முதல் வாரத்திலேயே கட்டுரை விலக்கிக்கொள்ளப்பட்டது. முன்னது சக ஆய்வாளர்களின் மதிப்பாய்வுக்கு முன்பே வெளிவந்தது. பின்னது அந்த மதிப்பாய்வைத் தாண்டி வந்தது. வாசல் எதுவானாலும் அவசரம் ஒன்றுதான்.

யமகாட்டா பற்றிய கட்டுரைகளில் அந்த அவசரம் இல்லை. இத்தனைக்கும் பொய்த் தடயங்கள் நடுநடுவே வந்துகொண்டிருந்தன. 2020 மார்ச்சுக்குப் பிறகு எடுத்த மாதிரிகளில் யமகாட்டா இருந்ததாக இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பதிவுகள் வந்தன. ஒவ்வொன்றையும் தேடிப்போய்ப் பார்த்தார்கள். சில, தேதியைத் தவறாகப் பதிந்த பழைய மாதிரிகள். சில, மூக்கில் தெளிக்கும் தடுப்பு மருந்து கொடுக்கப்பட்ட பிள்ளைகளிடமிருந்து எடுத்தவை. அந்த மருந்தில் வீரியம் குறைத்த உயிருள்ள யமகாட்டா இருக்கும். மூக்கைத் துடைத்தால் அதுதானே வரும். இப்படி ஒவ்வொரு பேயையும் ஓட்டிய பிறகு, மெய்யென்று உறுதியாகச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

இந்த வேலையைச் செய்தவர்களின் பெயர் எந்தத் தலைப்புச் செய்தியிலும் வராது. உலக சுகாதார நிறுவனம் 1952 முதல் நடத்திவரும் ஃப்ளூ கண்காணிப்பு வலையமைப்பில் 120-க்கும் மேற்பட்ட நாடுகளின் ஆய்வகங்கள் உள்ளன. இந்தியாவுக்குப் புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம். அதன்கீழே, காய்ச்சலோடு வருபவரின் தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுக்கும் செவிலியர், அதைப் பனிக்கட்டியில் வைத்துப் பேருந்திலோ ரயிலிலோ அனுப்புபவர், இரவு வரை பி.சி.ஆர். கருவியின் முன் உட்கார்ந்திருக்கும் தொழில்நுட்பர். பி என்று தெரிந்த பிறகும், விக்டோரியாவா யமகாட்டாவா என்று பார்க்க இன்னொரு சோதனை வேண்டும். செலவும் நேரமும் கூடும் என்று பல ஆய்வகங்கள் அதைச் செய்வதில்லை. செய்தவர்கள் வாரந்தோறும் அட்டவணையில் யமகாட்டா என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டு அனுப்பினார்கள். பல்லாயிரம் பி வைரஸ்களைச் சோதித்துப் போட்ட பூஜ்யங்கள் அவை. கண்டுபிடித்தவனுக்குக் கட்டுரை உண்டு, பதவி உயர்வு உண்டு, விருது உண்டு. கண்டுபிடிக்காததைப் பொறுப்பாக எழுதிவைத்தவனுக்கு எதுவும் இல்லை. ஆய்விதழ்கள் வாரி வழங்கும் கௌரவத்தில் உள்ள பெரிய குறை இது. யமகாட்டாவின் மரணச் சான்றிதழ் முழுக்க முழுக்க அந்தப் பூஜ்யங்களால் எழுதப்பட்டது.

முறையான சான்றிதழ் என்று ஒன்று உண்மையில் இல்லை. பெரியம்மைக்கும் போலியோவுக்கும் சான்றளிக்க நிபுணர் குழுக்கள் இருந்தன. ஒழிந்ததாகக் கருதுவதற்கு எத்தனை ஆண்டு, எவ்வளவு கண்காணிப்பு என்று விதிகள் இருந்தன. ஃப்ளூவின் ஒரு கிளை அழிந்ததாக அறிவிக்க அப்படி ஒரு குழுவும் இல்லை, விதியும் இல்லை. நடைமுறையில் அந்த அறிவிப்பு தடுப்பூசிப் பட்டியலில்தான் வந்தது. 2023 செப்டம்பரில் கூடிய உலக சுகாதார நிறுவனக் குழு, இனி யமகாட்டாவைத் தடுப்பூசியில் சேர்க்கத் தேவையில்லை என்றது. 2024 மார்ச்சில் அமெரிக்க ஆலோசகர் குழுவும் அதையே பரிந்துரைத்தது. 2024-25 பருவத்தில் அமெரிக்காவின் ஃப்ளூ தடுப்பூசிகள் அனைத்தும் மூவகைக்குத் திரும்பின. ஐரோப்பிய மருந்து முகமையும் அதே வழியில் சென்றது. பத்தாண்டு காலம் 'நான்கு, மூன்றைவிட மேல்' என்று விளம்பரம் செய்து, அதற்கேற்ப விலையும் வைத்து விற்ற நிறுவனங்கள், மூன்றே போதும் என்று சொல்ல வேண்டிவந்தது.

அதற்கிடையில் நான்கு ஆண்டுகள் நாம் செய்துகொண்டிருந்தது என்ன? உலகில் எங்கும் இல்லாத ஒரு வைரஸை ஆலைகளில் கோழிமுட்டைகளுக்குள் கோடிக்கணக்கில் பெருக்கி, கொன்று, ஊசியில் ஏற்றி, நம் கையில் குத்திக்கொண்டிருந்தோம். பயன் இல்லை என்பதோடு இது முடியவில்லை. ஊசிக்காகக் கொல்லப்படும்வரை அது உயிருள்ள வைரஸ்தான். உலகிலிருந்து மறைந்துவிட்ட நோய்க்கிருமியைப் பெருமளவில் வளர்க்கும் இடமே அது திரும்பிவரக்கூடிய வாசலும் ஆகும். தடுப்பூசியிலிருந்து அதை நீக்கச் சொன்னதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம்.

அச்சத்துக்கு வரலாற்றுச் சாட்சி உண்டு. 1957-ல் மறைந்த எச்1என்1, 1977-ல் சீனாவிலும் சோவியத் ஒன்றியத்திலும் திடீரென்று தோன்றியது. இருபது ஆண்டுகள் இயற்கையில் சுற்றியிருந்தால் எவ்வளவோ மாறியிருக்க வேண்டும். ஆனால் 1978-ல் 'நேச்சர்' இதழில் வந்த மரபு ஆய்வு, அது 1950 வாக்கில் சுற்றிய வைரஸை அப்படியே ஒத்திருப்பதைக் காட்டியது. உறைபெட்டியில் தூங்கியது யாரோ ஒருவரின் கைவழியாக எழுந்துவந்திருக்கிறது என்பதே பலரின் முடிவு. ஆய்வக விபத்தா, தடுப்பூசிச் சோதனையா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. பழைய வைரஸைக் கண்டிராத 25 வயதுக்கு உட்பட்டோரையே அது தேடித்தேடித் தொற்றியது. வந்தது மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் தங்கியும்விட்டது.

1978-ல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகக் கட்டடத்தில் பெரியம்மை ஆய்வகத்துக்கு மேல்தளத்தில் பணிபுரிந்த ஜேனட் பார்க்கர் பெரியம்மை கண்டு இறந்தார். இயற்கையில் பெரியம்மை அற்றுப்போய் ஓராண்டு ஆகவில்லை. 2004-05-ல் ஆய்வகங்களின் தரத்தைச் சோதிக்கும் மாதிரிப் பெட்டிகளில், 1968-லேயே மறைந்த எச்2என்2 வைரஸை வைத்து 18 நாடுகளில் ஏறத்தாழ 4,000 ஆய்வகங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். கனடா ஆய்வகம் ஒன்று கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, எல்லாவற்றையும் அழிக்கும்படி உலக சுகாதார நிறுவனம் அவசரமாகக் கேட்டுக்கொண்டது. 2014-ல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் ஒரு பழைய குளிர்சாதன அறையில் பெரியம்மைக் குப்பிகள் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தன. இவை எவையும் கெட்ட எண்ணத்தால் நடந்தவையல்ல. லேபிள் பார்க்காததால், பட்டியல் வைக்காததால், ஓய்வுபெற்றுப் போனவர் சொல்லிவிட்டுப் போகாததால் நடந்தவை.

யமகாட்டாவின் நிலை இன்று இதுதான். 2020-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அதற்கெதிரான எதிர்ப்பொருள் இல்லை. தடுப்பூசியிலிருந்தும் அது நீங்கிவிட்டதால், இனிப் பிறப்பவர்களுக்கும் வரப்போவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு அந்தக் கூட்டம் பெருகும். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அதற்குப் புதிய நிலம் தயாராகிவிடும். மறுபக்கம், உலகெங்கும் மருத்துவக் கல்லூரிகள், ஆய்வகங்கள், மருந்து நிறுவனங்கள் ஆகியவற்றின் உறைபெட்டிகளில் யமகாட்டா மாதிரிகள் கிடக்கின்றன. நேற்றுவரை சாதாரணப் பருவக்காய்ச்சல் வைரஸாக இருந்ததால், அதற்குத் தனிப்பூட்டும் இல்லை, தனிக்கணக்கும் இல்லை. போலியோ இரண்டாம் வகை ஒழிந்ததும் மாதிரிகளைத் தேடி அழிக்கவும் அடைத்துவைக்கவும் உலகளாவிய நெறிமுறை வந்தது. யமகாட்டாவுக்கும் அதுபோன்ற ஒன்று வேண்டும். இதைக் கேட்பதற்கு இது சரியான நேரம். அது திரும்பி வந்த பிறகு கேட்டால் பொருள் இல்லை.

இந்த மறைவை நம் வெற்றி என்று கொண்டாட முடியாது என்பதே என் தீர்ப்பு. தற்செயலாகக் கையில் விழுந்த பரிசு இது. முகக்கவசமும் ஊரடங்கும் ஃப்ளூவை ஒழிக்கும் வழி என்று இதை வைத்து வாதிடுவதும் தவறு. விக்டோரியாவும் எச்3என்2-வும் எச்1என்1-ம் அதே ஊரடங்கைத் தாண்டி வந்துவிட்டன. ஏற்கெனவே நலிந்து, ஒண்ட விலங்கும் இல்லாமல், மெதுவாக மாறிக்கொண்டிருந்த ஒன்றுக்குத்தான் அந்த அடி உயிர்போகும் அடியாயிற்று. தானாக வந்த பரிசைத் தவறவிடுவதும் நம் கையில்தான் இருக்கிறது. அதைத் திரும்பக் கொண்டுவரக்கூடிய வாத்து இல்லை, பன்றி இல்லை. மனிதன் மட்டுமே இருக்கிறான்.

ஆகவே வாசகர்களில் ஆய்வகங்களை நடத்துபவர்கள் யாரேனும் இருந்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் உறைபெட்டிகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 2020-க்கு முந்தைய பி மாதிரிகளை எண்ணுங்கள். தேவையில்லாதவற்றை முறைப்படி அழியுங்கள். தேவையானவற்றைப் பூட்டிவைத்து, சாவி யாரிடம் என்று எழுதிவையுங்கள். புதிதாக பி கிடைத்தால் எந்தக் கிளை என்று பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். ஆய்விதழ்களின் ஆசிரியர்கள் பூஜ்யங்களையும் வெளியிடப் பழகட்டும். மற்றவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. இந்த ஆண்டு மருத்துவர் மூவகை ஃப்ளூ தடுப்பூசி என்று சொன்னால், மட்டமானதைத் தருகிறார் என்று நினைக்க வேண்டாம். நான்காவது நோய் இப்போது உலகில் இல்லை. மீதி மூன்றும் இருக்கின்றன. அவற்றுக்காக ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.